தூங்கிக்கொண்டே காவல் காக்கும் கருவிகள்!

குட்டீஸ்... கடலூர் சில்வர் பீச்சுக்குப் போயிருக்கிறீர்களா? தேவனாம்பட்டினம் கடற்கரைக்குத்தான் அந்தப் பெயர். சாயங்காலம் போனால் சுண்டல், பலூன், பட்டம் என்று ஒரே குஷியாக இருக்கும்.

இதே கடற்கரையில் 2004ஆம் ஆண்டு டிசம்பர் 26ஆம் தேதி காலை என்ன நடந்தது என்று வீட்டில் பெரியவர்களிடம் கேளுங்கள். நீங்கள் யாரும் அப்போது பிறந்திருக்கவே மாட்டீர்கள்!

அன்று ஞாயிற்றுக்கிழமை. கிறிஸ்துமஸுக்கு மறுநாள். நம் நேரப்படி காலை 6 மணி 29 நிமிடம் இருக்கும்போது, இந்தோனேசியாவின் சுமத்ரா தீவுக்கு மேற்கே கடலுக்கு அடியில் 9.1 அளவுள்ள பயங்கரமான நிலநடுக்கம் ஏற்பட்டது. கடலின் தரையே மேலே தூக்கியது. அதன் மேலிருந்த தண்ணீரும் சேர்ந்து எழும்பியது. அதுதான் சுனாமி!

அந்த அலை கடலூருக்கு வந்து சேர்ந்தபோது மணி கிட்டத்தட்ட 9. அதாவது, நிலநடுக்கம் வந்த பிறகு நம்மிடம் 2 மணி நேரத்துக்கும் மேல் இருந்தது. தேவனாம்பட்டினத்திலிருந்து ஊருக்குள் ஓடிவர அரை மணி நேரம் கூட வேண்டாம். ஆனாலும் கடலூர் மாவட்டத்தில் மட்டும் 600க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். காரணம், அந்த 2 மணி நேரமும் கடலுக்குள் நடந்துகொண்டிருந்ததை நமக்குச் சொல்ல அங்கே எந்தக் கருவியும் இல்லை.

பசிபிக் பெருங்கடலில் அப்போதே 6 சுனாமி மிதவைகள் இருந்தன. இந்தியப் பெருங்கடலில் ஒன்றுகூடக் கிடையாது!

நடுக்கடலில் சின்ன அலை

ஒரு சந்தேகம் வரும். அவ்வளவு பெரிய அலையைக் கப்பலில் இருப்பவர்கள் பார்த்துச் சொல்லியிருக்கலாமே?

அதுதான் முடியாது. சுனாமி கரைக்கு வந்த பிறகுதான் பனைமரம் மாதிரி எழும்பும். நடுக்கடலில் அதன் உயரம் மிகவும் குறைவு. அன்று தற்செயலாக மேலே பறந்துபோன 'ஜேசன்-1' என்ற செயற்கைக்கோள் அந்த அலையை அளந்தது. சுமார் 60 சென்டிமீட்டர்! உங்கள் இடுப்பு உயரம்தான். அதுவும் ஒரே இடத்தில் குத்தாக எழாது. பல கிலோமீட்டர் நீளத்துக்குப் பரவிய மெல்லிய மேடு. கப்பலில் டீ குடித்துக்கொண்டிருப்பவருக்கு டம்ளர்கூட ஆடாது.

ஆனால், வேகம் இருக்கிறதே... அது ஜெட் வேகம். நீங்களே கணக்குப் போட்டுப் பார்க்கலாம். கடலின் ஆழத்தை மீட்டரில் எழுதி, 10ஆல் பெருக்கி, வர்க்கமூலம் கண்டுபிடியுங்கள். ஒரு வினாடிக்கு அலை எத்தனை மீட்டர் போகும் என்பது கிடைத்துவிடும். ஆழம் 4,000 மீட்டர் என்றால், 40,000த்தின் வர்க்கமூலம் 200. வினாடிக்கு 200 மீட்டர் என்பது மணிக்கு 720 கிலோமீட்டர்! கரைக்கு அருகே ஆழம் 10 மீட்டர் என்றால்? 100இன் வர்க்கமூலம் 10. மணிக்கு 36 கிலோமீட்டர்தான். முன்னால் போகிற தண்ணீர் மெதுவாகிவிட, பின்னால் வருவது வந்து மோதிக் குவிகிறது. அதனால்தான் கரையில் அலை எழும்புகிறது.

ஆக, அது குட்டி அலையாக இருக்கும்போதே நடுக்கடலில் பிடித்துவிட வேண்டும். அதற்குக் கடலின் அடியில் காது வைக்க வேண்டும்.

ஆழ்கடலில் ஒரு தராசு

கடலின் தரையில் ஒரு கருவியை இறக்கி வைக்கிறார்கள். தனக்கு மேலே இருக்கும் தண்ணீரின் எடை எவ்வளவு அழுத்துகிறது என்று அது அளந்துகொண்டே இருக்கும். தராசு மாதிரிதான். மேலே 1 சென்டிமீட்டர் தண்ணீர் கூடினால்கூட, 6 கிலோமீட்டர் ஆழத்தில் இருந்துகொண்டு கண்டுபிடித்துவிடும். கில்லாடி!

கண்டுபிடித்ததை எப்படி மேலே சொல்லும்? செல்போன் மாதிரி ரேடியோ அலை அனுப்ப முடியாது. உப்புத் தண்ணீருக்குள் ரேடியோ அலை கொஞ்ச தூரத்திலேயே செத்துப்போகும். அதனால் கருவி ஒலி எழுப்புகிறது. தண்ணீருக்குள் ஒலி வினாடிக்கு சுமார் 1,500 மீட்டர் வேகத்தில் பாயும். 3 கிலோமீட்டர் ஆழத்திலிருந்து மேலே வர 2 வினாடி போதும். மேலே நங்கூரம் போட்டு நிற்கும் மிதவை அந்த ஒலியைக் கேட்டு, செயற்கைக்கோளுக்கு அனுப்பும். செயற்கைக்கோள் கரைக்கு அனுப்பும்.

கம்பியே இல்லாமல், பல இடங்களில் தனித்தனியாக உட்கார்ந்து அளந்து, ஒன்றிடமிருந்து ஒன்று செய்தி வாங்கிக் கடத்தும் இந்த மாதிரிக் கூட்டத்துக்குக் 'கம்பியில்லா சென்சார் வலைப்பின்னல்' என்று பெயர். சென்சார் என்றால் உணரும் கருவி. தமிழில் 'உணரி' என்றும் சொல்கிறார்கள்.

எல்லாம் சரி. அந்தக் கருவிக்குக் கரண்ட்?

நடுக்கடலில் கரண்ட் கம்பம் ஏது! மேலே மிதப்பதற்காவது வெயில் கிடைக்கும். அடியில் இருப்பதற்கு அதுவும் இல்லை. எப்போதும் கும்மிருட்டு. கையில் கட்டிக் கொடுத்த கட்டுச்சோற்றைத்தான் வருடக்கணக்கில் வைத்துச் சாப்பிட வேண்டும். அந்தக் கட்டுச்சோறுதான் பேட்டரி.

அமெரிக்கா தயாரித்த 'டார்ட்' என்ற சுனாமிக் கருவியின் இரண்டாவது வகையைப் பார்ப்போம். அதன் அடிப்பகுதியில் அளப்பதற்கும் கணக்குப் போடுவதற்கும் வைத்திருக்கும் பேட்டரி, பெரிய டார்ச் லைட்டில் போடுவோமே, அந்தக் குண்டு செல் வகைதான்! பல செல்களை அடுக்கி வைத்திருக்கிறார்கள். மொத்தம் சுமார் 1,500 வாட்-மணி மின்சாரம். உங்கள் வீட்டில் 9 வாட் எல்.இ.டி. பல்பு இருக்கிறதல்லவா? அந்த ஒரே ஒரு பல்பை இதில் எரித்தால் 7 நாளில் தீர்ந்துபோகும். ஆனால், அந்தக் கருவி இதை வைத்துக்கொண்டு 4 ஆண்டுகள் ஓட வேண்டும்.

எப்படி?

கடிகாரமும் டார்ச்சும்

சுவர்க் கடிகாரத்தில் ஒரே ஒரு பென்சில் செல். அது ஒரு வருடம்கூட ஓடுகிறது. அதே செல்லை டார்ச்சில் போட்டு எரியவிட்டால் சில மணி நேரத்தில் காலி. ஏன்? டார்ச் தொடர்ந்து எரிகிறது. கடிகாரமோ வினாடிக்கு ஒருமுறை 'டிக்' என்று முள்ளைத் தள்ளிவிட்டு, மீதி நேரமெல்லாம் ஓய்வெடுக்கிறது!

சென்சார்களுக்கும் அதே வித்தை. ஒரு குட்டி சென்சாரில் 2 பென்சில் செல் போட்டிருக்கிறோம் என்று வைத்துக்கொள்வோம். செல்லின் கொள்ளளவு 2,500 மில்லி ஆம்பியர்-மணி. சென்சார் விழித்திருந்தால் 20 மில்லி ஆம்பியர் இழுக்கும். 2,500ஐ 20ஆல் வகுத்தால் 125 மணி நேரம். 5 நாளில் கதை முடிந்தது. அதையே 100 வினாடிக்கு 1 வினாடி மட்டும் விழிக்கச் சொன்னால்? 12,500 மணி நேரம்! சுமார் 520 நாள். தூக்கத்திலும் துளித்துளியாகக் கொஞ்சம் செலவாகும். அதைக் கழித்தாலும் ஒரு வருடத்துக்கு மேல் தாராளமாக வரும்.

சென்சார் வேலைகளில் எது அதிகம் தின்னும் தெரியுமா? அளப்பதும் இல்லை, கணக்குப் போடுவதும் இல்லை. பேச்சு! ரேடியோவில் ஒரு சின்னச் செய்தியை 100 மீட்டர் தூரம் அனுப்பும் மின்சாரத்தில், அதன் சிப் 30 லட்சம் கட்டளைகளைச் செய்து முடித்துவிடும் என்று 2000ஆம் ஆண்டில் விஞ்ஞானிகள் கணக்குப் போட்டார்கள். அதனால் சென்சாருக்குச் சொல்லிக்கொடுக்கும் முதல் பாடம்: நிறைய யோசி, கொஞ்சமாகப் பேசு. (வகுப்பில் டீச்சர் சொல்வதும் இதுதான். அவருக்கு பேட்டரி கவலை இல்லை, காது கவலை!)

இன்னொரு வேடிக்கை. பேசாமல் சும்மா காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தால் மின்சாரம் மிச்சமாகும் என்று நினைப்போம். இல்லை! இந்தக் குட்டி ரேடியோக்களில் கேட்பதற்கும் பேசுவதற்கும் கிட்டத்தட்ட ஒரே செலவு. யாராவது கூப்பிடுவார்களோ என்று காத்திருப்பதிலேயே பேட்டரி தீர்ந்துபோகும். அதனால் காதையும் மூடிக்கொண்டுதான் தூங்க வேண்டும்.

தூங்கினால் கோட்டை விடுமே!

இப்போதுதான் சிக்கலே. தூங்கினால் பேட்டரி மிச்சம். ஆனால், தூங்கும்போது சுனாமி வந்தால்?

ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறை மட்டும் எழுந்து பார்க்கும் ஒரு கருவி 2004இல் நம் கடலில் இருந்திருந்தால் என்ன பயன்? அது கண் விழிப்பதற்குள் அலை கடலூரைத் தாண்டிப் போயிருக்கும். பேட்டரி மட்டும் புத்தம் புதுசாக இருந்திருக்கும்! அப்படிப்பட்ட சிக்கனம் யாருக்கு வேண்டும்?

செய்தி நேரத்துக்கு வர வேண்டும். பாதியில் தொலையாமல் முழுசாக வர வேண்டும். வந்தது உண்மையாகவும் இருக்க வேண்டும். இதைச் 'சேவைத் தரம்' என்கிறார்கள். மின்சாரச் சிக்கனமும் சேவைத் தரமும் ஏற்றப்பலகையின் இரண்டு முனைகள். ஒன்றை அழுத்தினால் மற்றொன்று எகிறும். இரண்டையும் சமமாக நிறுத்துவதுதான் இந்தத் துறை விஞ்ஞானிகளின் முழுநேரத் தலைவலி.

டார்ட் கருவி இதை எப்படிச் சமாளிக்கிறது பாருங்கள். அளப்பதற்குச் செலவு குறைவு. அதனால் 15 வினாடிக்கு ஒருமுறை அளந்துகொண்டே இருக்கும். பேசுவதற்குத்தான் செலவு அதிகம். அதனால் அளந்ததை எல்லாம் ஒப்பிக்காது. கால் மணி நேரத்துக்கு ஒரு அளவு என்று குறித்து வைத்துக்கொண்டு, 6 மணி நேரத்துக்கு ஒருமுறை மொத்தமாக அனுப்பிவிட்டு 'நான் நலம்' என்று சொல்லிவிடும்.

ஒவ்வொரு முறை அளக்கும்போதும், கடந்த சில மணி நேர அளவுகளை வைத்து 'இப்போது தண்ணீர் இவ்வளவு உயரம்தான் இருக்க வேண்டும்' என்று தானே ஊகிக்கும். நிலா இழுப்பதால் வரும் ஏற்ற இறக்கம் எல்லாம் அந்த ஊகத்துக்குள் அடங்கிவிடும். ஊகித்ததற்கும் அளந்ததற்கும் 3 சென்டிமீட்டருக்கு மேல் வித்தியாசமா? போச்சு, தூக்கம் கலைந்துவிடும்! உடனே மேலே குரல் கொடுக்கும். அப்புறம் சிக்கனமெல்லாம் கிடையாது. முதல் சில நிமிடங்கள் 15 வினாடி அளவுகள், பிறகு நிமிடத்துக்கு ஒன்று என்று கொட்டித் தீர்த்துவிடும். கடல் அமைதியானால் மறுபடியும் பழைய நிலைக்குத் திரும்பிவிடும்.

கரையில் இருப்பவர்களும் செயற்கைக்கோள் வழியாக 'ஏய், எழுந்திரு' என்று தட்டி எழுப்பலாம். எங்காவது பெரிய நிலநடுக்கம் என்று தெரிந்ததும் அப்படித்தான் செய்வார்கள்.

4 ஆண்டு சேர்த்து வைத்த மின்சாரம் எதற்கு என்று இப்போது புரிகிறதா? அந்தச் சில மணி நேரத்துக்குத்தான்.

தில்லை மரமும் அட்டைப்பூச்சியும்

கடலுக்கு அடியில் ஒன்றிரண்டு கருவிகள். நிலத்தில் என்றால் நூற்றுக்கணக்கில்கூட வைக்கலாம். சிதம்பரத்துக்குப் பக்கத்தில் இருக்கும் பிச்சாவரத்தை எடுத்துக்கொள்வோம். சுரபுன்னைக் காடு. படகில் போனால் குகைக்குள் போவது மாதிரி இருக்கும். சிதம்பரத்துக்குத் 'தில்லை' என்று பெயர் வரக் காரணமான தில்லை மரம் இன்றும் இங்கே வளர்கிறது. (அதன் பாலைத் தொட்டுவிட்டுக் கண்ணைக் கசக்காதீர்கள். எரிச்சல் தாங்காது!) சுனாமி அன்று இந்தக் காடு அலையின் வேகத்தைத் தணித்து, பின்னால் இருந்த ஊர்களுக்குக் கேடயமாக நின்றது.

இந்தக் காட்டின் தண்ணீர் மட்டத்தையும் உப்பையும் அளக்க நாம் 50 சென்சார் வைப்பதாகக் கற்பனை செய்வோம். எல்லாச் செய்தியும் படகுத்துறையில் உள்ள ஒரு கம்ப்யூட்டருக்கு வர வேண்டும். எல்லா சென்சாரும் நேராகப் படகுத்துறைக்கே கத்தலாமா?

சிதம்பரம் தேரோட்டத்தை நினைத்துப் பாருங்கள். நீங்கள் கீழவீதியில் நிற்கிறீர்கள். தெற்கு வீதி முனையில் இருக்கும் நண்பனிடம் ஒரு செய்தி சொல்ல வேண்டும். அங்கிருந்தே கத்தினால் தொண்டை கட்டிவிடும். நடுவில் நிற்கும் நாலு பேரிடம் சொல்லி, காதும் காதும் வைத்த மாதிரி கடத்தினால் யாருக்கும் கஷ்டம் இல்லை. ரேடியோவும் அப்படித்தான். தூரம் 2 மடங்கு ஆனால் மின்சாரம் 4 மடங்கு வேண்டும். தரையை ஒட்டி, மரம் செடிக்குள் என்றால் இன்னும் அதிகம். அதனால் பக்கத்து சென்சாரிடம் கொடுத்து, அது அதற்குப் பக்கத்தில் கொடுத்து... இப்படித் தாவித் தாவிப் போவதுதான் லாபம்.

ஆனால், இதிலும் ஒரு வில்லங்கம். படகுத்துறைக்குப் பக்கத்தில் இருக்கும் சென்சார்கள் பாவம். எல்லோருடைய செய்தியையும் அவைதானே கடைசியில் சுமக்க வேண்டும்? அவற்றின் பேட்டரி முதலில் தீரும். அவை செத்தால், உள்ளே நன்றாக இருக்கும் மீதி சென்சார்களும் பேச ஆளில்லாமல் ஊமையாகிவிடும்.

இதற்கு 2000ஆம் ஆண்டில் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் வெண்டி ஹெய்ன்செல்மன் என்ற ஆராய்ச்சியாளரும் அவருடைய பேராசிரியர்களும் ஒரு வழி சொன்னார்கள். பெயர் 'லீச்'. லீச் என்றால் அட்டைப்பூச்சி என்று படித்திருப்பீர்கள். இது அந்த அட்டை இல்லை. ஒரு நீளமான ஆங்கிலப் பெயரின் சுருக்கம். யாருடைய ரத்தத்தையும் உறிஞ்சாத அட்டை!

லீச் முறையில் சென்சார்கள் சிறு சிறு குழுக்களாகப் பிரியும். ஒவ்வொரு குழுவுக்கும் ஒரு தலைவர். மற்றவர்கள் தலைவரிடம் மட்டும் மெதுவாகச் சொன்னால் போதும். தலைவர் எல்லாவற்றையும் சேர்த்துச் சுருக்கி, ஒரே செய்தியாகத் தூரத்துக்கு அனுப்புவார். தலைவருக்குத்தான் பேட்டரி அதிகம் செலவாகும் இல்லையா? அதனால் ஒரே ஆள் தலைவராக இருக்க முடியாது. முறை வைத்து மாறிக்கொண்டே இருப்பார்கள். ஒருமுறை இருந்தவர், மற்றவர்கள் முறை முடியும்வரை மறுபடியும் ஆகக்கூடாது. வகுப்பில் கரும்பலகை துடைக்க முறை போடுவதுபோல!

'அதெல்லாம் இருக்கட்டும், நிஜமாகவே இப்படிச் சென்சார் வைத்திருக்கிறார்களா?' என்று கேட்பீர்கள். 2002ஆம் ஆண்டு கோடையில் அமெரிக்காவின் மெய்ன் மாநிலத்தில் 'கிரேட் டக்' என்ற குட்டித் தீவில் 32 சென்சார்கள் வைத்தார்கள். எதற்கு? ஒரு கடற்பறவை பொந்துக்குள் முட்டையிடும். மனிதர்கள் எட்டிப் பார்த்தால் பயந்து ஓடிவிடும். அதனால் பொந்துக்குள் சென்சாரை வைத்துவிட்டு வந்துவிட்டார்கள். தீனி, 2 பென்சில் செல்தான்!

நம் பக்கத்தில் மூணாறில் ஒன்று இருக்கிறது. 2005ஆம் ஆண்டு மழையில் அந்தோணியார் காலனியில் மலை சரிந்து உயிர்கள் போயின. அதே மலைச்சரிவில் அமிர்தா பல்கலைக்கழகத்தினர் சில ஆண்டுகளில் மண்ணுக்குள் சென்சார்களைப் புதைத்தார்கள். மண் எவ்வளவு தண்ணீர் குடித்திருக்கிறது, எவ்வளவு சாய்கிறது, எப்படி அதிர்கிறது என்று அவை அளக்கும். மின்சாரத்துக்கு சோலார் பலகை. அடைமழைக் காலத்தில் மூணாறில் வெயில் எங்கே? ஆனால், சென்சார் மும்முரமாக வேலை செய்ய வேண்டியதும் அடைமழையில்தான்! அதனால், மழை இல்லாத நாளில் எப்போதாவது அளந்து பேட்டரியைச் சேர்த்து வைத்துக்கொள்கிறது. மழை வலுக்க வலுக்க அடிக்கடி அளக்கிறது. 2009 ஜூலையில் கனமழை கொட்டியபோது இந்த அமைப்பு எச்சரிக்கையும் கொடுத்தது.

கடலூர்க்காரர்களுக்கு இதைச் சொல்லிப் புரிய வைக்கவே வேண்டாம். 2011 டிசம்பர் 30ஆம் தேதி அதிகாலை 'தானே' புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவே கரை கடந்தது. பண்ருட்டிப் பலா, முந்திரி எல்லாம் வேரோடு சாய்ந்தன. மின்கம்பங்களும்தான். பல ஊர்களில் நாள்கணக்கில் கரண்ட் இல்லை. ஆபத்து நேரத்தில் முதலில் போவது கரண்ட்தான் என்று அன்றே பாடம் படித்துவிட்டார்கள்.

ஹைதராபாத்தில் ஒரு காது

2004க்குப் பிறகு நம் நாடு சும்மா இருக்கவில்லை. 2007 அக்டோபரில் ஹைதராபாத்தில் இந்திய சுனாமி முன்னெச்சரிக்கை மையம் திறக்கப்பட்டது. வங்காள விரிகுடாவிலும் அரபிக்கடலிலும் சுனாமி மிதவைகள் நிறுத்தப்பட்டன. சென்னை பள்ளிக்கரணையில் இருக்கும் தேசிய கடல் தொழில்நுட்பக் கழகத்துக்கு அதில் பெரிய பங்கு உண்டு.

2012 ஏப்ரல் 11ஆம் தேதி மதியம் 2 மணி 8 நிமிடம். மறுபடியும் சுமத்ரா பக்கத்தில் நிலநடுக்கம். 8.6 அளவு! சென்னையில் கட்டடங்கள் லேசாக ஆடின. கடற்கரை ஊர்களில் ஒரே பதற்றம். 8 வருடத்துக்கு முன்னால் பார்த்தவர்கள் ஆயிற்றே!

இந்த முறை ஹைதராபாத் மையம் சில நிமிடங்களில் அறிவிப்பைத் தொடங்கிவிட்டது. எல்லோரும் நடுக்கடல் கருவிகள் என்ன சொல்கின்றன என்றே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவை சொன்ன பதில்: சில சென்டிமீட்டர்தான்! அந்த நிலநடுக்கத்தில் பூமித் தட்டுகள் பக்கவாட்டில் உரசின. 2004இல் போலக் கடல் தரை மேலே தூக்கவில்லை. தரை எழும்பாவிட்டால் தண்ணீரும் எழும்பாது. அன்று மாலையே எச்சரிக்கைகள் விலக்கப்பட்டன.

'ஒன்றும் வரவில்லை' என்று சரியாகச் சொல்வதும் பெரிய சேவைதான். சும்மா சும்மா 'புலி வருது' என்று கத்தினால், நிஜமாகவே வரும்போது யாரும் ஓடமாட்டார்கள் இல்லையா?

கடைசி ஒரு கிலோமீட்டர்

ஒன்று கவனித்தீர்களா? கடலடியிலிருந்து மிதவைக்கு 2 வினாடி. மிதவையிலிருந்து செயற்கைக்கோள் வழியாக ஹைதராபாத்துக்கு அதிக நேரம் ஆகாது. அங்கிருந்து தேவனாம்பட்டினத்தில் வலை பின்னிக்கொண்டிருக்கும் ஒரு தாத்தாவின் காதுக்கு? அதுதான் ரொம்ப தூரம்!

கடலூருக்கு வடக்கே, புதுச்சேரியைச் சேர்ந்த நல்லவாடு என்ற மீனவ கிராமம் இருக்கிறது. 2004இல் அங்கே எந்த சுனாமிக் கருவியும் இல்லை. ஆனால், எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் தொடங்கிய ஒரு கிராம அறிவு மையம் இருந்தது. ஒரு கம்ப்யூட்டர், ஒரு ஒலிபெருக்கி. இன்று கடலில் அலை எவ்வளவு உயரம் இருக்கும் என்று இணையத்தில் பார்த்து மீனவர்களுக்கு ஒலிபெருக்கியில் தினமும் சொல்வார்கள்.

சுனாமி அன்று காலை, அந்த ஊர்க்காரர் ஒருவர் சிங்கப்பூரில் இருந்தார். டி.வி.யில் சுமத்ரா செய்தியைப் பார்த்துவிட்டு வீட்டுக்கு போன் போட்டார். 'கடல் தண்ணி ஊருக்குள்ள வருது' என்றார்கள். 'எல்லோரையும் கிளப்புங்கள்' என்றார் அவர். உடனே சிலர் ஓடிப்போய் அறிவு மையத்தின் கதவை உடைத்தார்கள். ஒலிபெருக்கியில் அறிவிப்பு போனது. தினமும் கேட்டுப் பழகிய குரல் அல்லவா? ஊரே ஓடியது. சுமார் 150 வீடுகளும் 200 படகுகளும் போயின. ஆனால், 3,600 பேரும் உயிர் பிழைத்தார்கள்!

இப்போது செல்போனுக்கும் எச்சரிக்கை வருகிறது. இந்தியப் பெருங்கடல் நாடுகள் சேர்ந்து அவ்வப்போது சுனாமி ஒத்திகையும் நடத்துகின்றன. உங்கள் ஊரில் ஒத்திகை நடந்தால் தவறாமல் கலந்துகொள்ளுங்கள். எந்தத் தெரு வழியாக மேட்டுக்கு ஓடுவது என்று காலுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

மீனுக்கு நிழல், மிதவைக்குத் தொல்லை

கடைசியாக ஒரு விஷயம். மீனவர் வீட்டுப் பிள்ளைகளுக்கு இது தெரிந்திருக்கும். நடுக்கடலில் எது மிதந்தாலும் அதன் நிழலில் மீன் கூடும். மிதவைக்கு அடியிலும் அப்படித்தான். குட்டி மீன், அதைத் தின்னப் பெரிய மீன் என்று ஒரு சந்தையே நடக்கும். மீன் இருக்கும் இடத்துக்குப் படகு வராமல் இருக்குமா? படகை மிதவையில் கட்டிப்போடுவார்கள். வலை நங்கூரக் கயிற்றில் சிக்கும். கயிறு அறுந்தால் மிதவை எங்கோ போய்விடும். சில நாடுகளின் படகுக்காரர்கள் சோலார் பலகையைக்கூடக் கழற்றிக்கொண்டு போயிருக்கிறார்களாம்! உலகம் முழுக்க மிதவை விஞ்ஞானிகளின் பெரிய புலம்பலே இதுதான். 4 ஆண்டு பேட்டரியை அவ்வளவு கணக்காகச் செலவழித்த கருவி, ஒரே ராத்திரியில் ஊமையாகிவிடும்.

அதனால் கழகத்தின் அதிகாரிகள் மீனவக் கிராமங்களுக்கே போய், மிதவை எதற்கு என்று படம் போட்டு விளக்குகிறார்கள்.

பேட்டரி தீரும் காலம் வந்ததும் 'சாகர் நிதி' போன்ற ஆராய்ச்சிக் கப்பல் கிளம்பிப் போகும். பழைய மிதவையைக் கிரேன் வைத்துத் தூக்குவார்கள். அடியெல்லாம் கொட்டலசும் பாசியும் அப்பிக்கொண்டு, அடையாளமே தெரியாமல் வரும். அதைச் சுரண்டிச் சுத்தம் செய்வதே பெரிய வேலை. புதிய மிதவையை அதே இடத்தில் இறக்கிவிட்டுக் கப்பல் திரும்பும். கீழே இருட்டுக்குள் இன்னொரு கருவி, 15 வினாடிக்கு ஒருமுறை தண்ணீரை எடைபோட ஆரம்பித்திருக்கும்.